பிப்ரவரியிலேயே போடும் கணக்கு

“போன வருஷம்தானே போட்டுக்கொண்டேன், மறுபடியும் எதற்கு?” பிரிட்டனில் குளிர்காலம் நெருங்கும்போது, ஃப்ளூ தடுப்பூசிக்கு வரச்சொல்லி வயதானவர்களின் கைப்பேசிக்குச் செய்தி வரும், கூடவே இந்தக் கேள்வியும் வரும். நியாயமான கேள்விதான். தட்டம்மைக்குச் சின்ன வயதில் இரண்டு ஊசி போட்டால் அநேகமாக ஆயுசுக்கும் போதும். இதற்கு மட்டும் ஏன் வருஷாவருஷம் கையை நீட்ட வேண்டும்? டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் பார்ப்போம்.

காரணம் இரண்டு. ஒன்று, ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. போன வருஷத்து வைரஸை அடையாளம் கண்டுகொண்ட உடம்பு, இந்த வருஷத்து வைரஸிடம் ஏமாந்துபோகலாம். இரண்டு, ஊசி தரும் பாதுகாப்பு சில மாதங்களிலேயே தேய ஆரம்பித்துவிடும். முதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இரண்டும் சேர்வதால், ஒரு நாடு முழுவதற்கும் ஃப்ளூ ஊசி போடுவது மருத்துவ வேலையாக இருப்பதைவிடத் தேதி வேலையாக இருக்கிறது. முக்கியமான முடிவு எதையும், தெரிய வேண்டியது தெரிந்த பிறகு எடுக்க முடியாது. முன்கூட்டியே எடுத்தாக வேண்டும்.

முதல் முடிவு, எந்த வைரஸுக்கு ஊசி என்பது. வட பாதி உலகத்துக்கான முடிவை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் எடுக்கிறது. தென் பாதிக்குச் செப்டம்பரில். பல நாடுகளிலிருந்து வந்து சேரும் சளி மாதிரிகளை லண்டன், அட்லாண்டா, மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் போன்ற நகரங்களின் ஆய்வகங்கள் அலசி, வரும் குளிர்காலத்தில் எந்த வகை ஓங்கும் என்று கணிக்கின்றன. லண்டனில் இந்த வேலை பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் நடக்கிறது. மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை 1933-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் அதே நகரத்து விஞ்ஞானிகள்தான்.

பிப்ரவரியில் முடிவெடுத்தால் அக்டோபரில் ஊசி. நடுவில் இத்தனை மாதம் எதற்கு? பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசி இன்றும் கோழி முட்டையில்தான் தயாராகிறது. கருவுற்ற முட்டைக்குள் வைரஸைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் வளரவிட்டு, முட்டைக்குள் இருக்கும் திரவத்தை எடுத்து, வைரஸைக் கொன்று, சுத்தப்படுத்தி, சோதித்து, ஊசிக்குழாயில் நிரப்ப வேண்டும். இதைக் கோடிக்கணக்கான முட்டைகளில் செய்ய ஆறு மாதம் ஆகிவிடுகிறது. அந்த ஆறு மாதமும் வைரஸ் சும்மா இருப்பதில்லை.

2014-இல் அதுதான் நடந்தது. தேர்வு முடிந்த பிறகு எச்3என்2 வகை வைரஸ் மாறிப்போனது. 2014-15 குளிர்காலத்தின் நடுவில் பிரிட்டனில் கணக்கிட்டபோது, ஊசியின் பலன் வெறும் 3 சதவீதம் என்று வந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பருவம் முடிந்து எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்த்தபோது அதே எண் 34 சதவீதமாக உயர்ந்தது. நல்ல வருஷத்துப் பலன் இல்லை, ஆனாலும் போட்டுக்கொண்டவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு நோயைத் தடுத்திருக்கிறது. முதல் எண் தலைப்புச் செய்தியானது, இரண்டாவது எண்ணை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

வைரஸ் உலகில் நடக்கும் மாற்றம் எல்லாமே வேலையைக் கடினமாக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பி வகை வைரஸில் யமகாட்டா என்றொரு கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதிசெய்யப்படவில்லை. கோவிட் காலத்து ஊரடங்கில் அது அழிந்துபோயிருக்க வேண்டும். அதனால் நான்கு வைரஸ்களுக்கு எதிராக இருந்த தடுப்பூசி இப்போது மூன்றுக்குத் திரும்பிவிட்டது.

இரண்டாவது முடிவு, எவ்வளவு வாங்குவது. வெளியாட்களுக்கு ஆச்சரியம் தருவது இந்த இடம்தான். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான மருந்தை அரசு மொத்தமாக வாங்கித் தருகிறது. பெரியவர்களுக்கானதை அப்படி வாங்குவதில்லை. ஒவ்வொரு குடும்ப மருத்துவர் கிளினிக்கும், ஒவ்வொரு மருந்துக்கடையும் தானே கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு முன்பே. தீபாவளிச் சரக்கை மாதக்கணக்கில் முந்தி எடுத்து வைக்கும் ஜவுளிக்கடைக்காரரின் நிலைமைதான்: குறைவாக எடுத்தால் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதிகமாக எடுத்தால் மிச்சம் தலையில் விழும். புடவையையாவது பொங்கலுக்குத் தள்ளிவிடலாம். மிஞ்சிய ஃப்ளூ மருந்தை அடுத்த வருஷம் போட முடியாது, வைரஸ் பட்டியலே மாறியிருக்கும்.

இதில் சப்ளை தடங்கினால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. முதியவர்களுக்கு வழக்கமான ஊசி சரியாக வேலை செய்வதில்லை என்று தெரிந்ததால், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருள் சேர்த்த புதிய ஊசியை 65 வயது தாண்டியவர்களுக்குப் போடச் சொன்னார்கள். சரியான முடிவு. ஆனால் அதைத் தர ஒரே ஒரு கம்பெனிதான் இருந்தது. சரக்கு செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மூன்று தவணையாகத்தான் வந்தது. கிளினிக்குகள் தேதிகளை மாற்றிப் போட்டு, 75 வயது தாண்டியவர்களுக்கு முதலிடம் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது முடிவு, எப்போது தொடங்குவது. சீக்கிரம் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். பிரிட்டனிலும் பல வருஷம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவார்கள். ஆனால் அங்கே ஃப்ளூ உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். செப்டம்பரில் போட்டுக்கொண்ட தாத்தாவுக்கு, தேவைப்படும் நேரத்தில் பாதுகாப்பு குறையத் தொடங்கியிருக்கும். அதனால் 2024-இல் தேதியைத் தள்ளினார்கள்: பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு அக்டோபர் தொடக்கத்தில்தான். இதற்கு விலக்கு இரண்டு. குழந்தைகளுக்குப் பாதுகாப்பு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை, தொற்றை அதிகம் பரப்புபவர்களும் அவர்களே, ஆகவே செப்டம்பரிலேயே. கர்ப்பிணிகளுக்கும் செப்டம்பரிலேயே, ஏனென்றால் ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அம்மா போட்டுக்கொண்டால்தான் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது ஜப்பானைச் சொல்லாமல் விட முடியாது. 1962-இல் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போடத் தொடங்கினார்கள். பிறகு பலன் போதாது, பக்கவிளைவு உண்டு என்று எதிர்ப்பு வளர்ந்து, 1987-இல் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டார்கள், 1994-இல் கைவிட்டார்கள். 2001-இல் ஆய்வாளர்கள் இறப்புக் கணக்கைப் புரட்டினார்கள். பள்ளிகளில் ஊசி போட்ட வருஷங்களில் குளிர்காலச் சாவுகள் குறைந்திருந்தன, நிறுத்தியதும் ஏறியிருந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பேரன் போட்டுக்கொண்ட ஊசி பாட்டியைக் காப்பாற்றியிருக்கிறது.

பிரிட்டன் 2013-இல் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளிடமிருந்து தொடங்கி, படிப்படியாகப் பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகளுக்கு ஊசி இல்லை, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. அதில் இருப்பது உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் மட்டும் பெருகும், நுரையீரலின் சூட்டில் பெருகாது. பன்றி ஜெலட்டின் கலந்திருப்பதால் வேண்டாம் என்கிற குடும்பங்களுக்கு மாற்றாக ஊசி உண்டு. முதலில் சில பகுதிகளில் மட்டும் தொடக்கப்பள்ளி முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பகுதிகளில் பெரியவர்களும் ஃப்ளூ மாதிரிக் காய்ச்சலோடு மருத்துவரிடம் வருவது குறைந்தது.

இத்தனை முடிவும் வந்து சேரும் இடம், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலைக் கிளினிக். ஒருவருக்குச் சில நிமிஷம்தான். கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். நர்ஸ் கேட்பது நாலைந்து கேள்விதான்: உடம்பு இன்று நன்றாக இருக்கிறதா, முன்பு ஊசி போட்டு மோசமான ஒவ்வாமை வந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஊசி தோள்பட்டைத் தசையில் இறங்கும். மருந்தின் பேட்ச் எண் கணினியில் ஏறும். பக்கத்து அறை ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். தினமும் பார்த்துக் குறித்து வைப்பார்கள். சூட்டில் மட்டுமல்ல, உறைந்துபோனாலும் மருந்து குப்பைக்குத்தான். மருந்துக்கடையில் போட்டுக்கொண்டவரின் விவரமும் கிளினிக் பதிவுக்கு வர வேண்டும். வராவிட்டால் போட்டவருக்கே மறுபடி மறுபடி செய்தி போகும், போடாதவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

ஆகவே ஒரு வருஷம் வைரஸ் மாறிப்போய் ஊசி அரைகுறையாக வேலை செய்தால், திட்டமே தோற்றது என்று சொல்லிவிட முடியாது. பிப்ரவரியில் தெரியாததற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. தெரிந்தும் நடக்காததைத்தான் கேட்க வேண்டும். முதியவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. இங்கிலாந்து 2020-21-லும் 2021-22-லும் 80 சதவீதத்தைத் தாண்டிக் காட்டியது. அதே நாட்டில் சமீபத்திய பருவங்களில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளில் பாதிப்பேர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளிகளைத் தொட்டுப் பராமரிக்கும் ஊழியர்களிலும் பாதிப்பேர்கூட இல்லை. குழந்தைகளுக்குக் கிளினிக் வரை தூக்கி வர ஆள் வேண்டும். இரவு ஷிஃப்ட் நர்ஸுக்கு ஊசி அவர் வார்டைத் தேடி வர வேண்டும். இதற்குக் கணிப்பு எதுவும் தேவையில்லை. வருஷம் முழுவதும் யோசிக்க நேரம் இருக்கிறது.