பசவண்ணர் கண்ட கோயில்

கோயில் விழாவிலே பசவண்ணரைப் பேசலாமோ என அன்பர் ஒருவர் வினவினார். கோயில் எடுக்கப் பொருளற்ற ஏழைக்கு உடலே கோயில் என்று பாடியவர் அவர்; ஆதலின் அவ்வினா பொருந்துவதே.

12ஆம் நூற்றாண்டிலே, கன்னட நாட்டுப் பாகேவாடியில் அந்தணர் குலத்திற் பிறந்த அவர், கிருட்டிணையும் மலப்பிரபையும் கலக்கும் கூடல சங்கமத்திற் கல்வி பயின்றார். கலியாண நகரிலே பிச்சள மன்னனின் பண்டாரப் பொறுப்பை ஏற்றார். கூடல சங்கம தேவனை விளித்து எளிய கன்னடத்தில் வசனங்கள் பல அருளினார். இட்டலிங்கம் தாங்கியோர் அனைவரும் ஒரு குலத்தவர் என்றார். நேரிய உழைப்பைக் ‘காயகம்’ என்றும், அதன் பயனை அடியாரோடு பகிர்தலைத் ‘தாசோகம்’ என்றும் போற்றினார்.

அவர் வழிநின்ற அந்தணர் ஒருவர் தம் மகளைச் செம்மார் குலத்து இளைஞனுக்கு மணமுடித்தார். மன்னன் தந்தையர் இருவரையும் கொல்வித்தான் என்பது வரலாறு. பசவண்ணர் கலியாணம் நீங்கிச் சங்கமம் சென்று, அங்கே இறைவனோடு கலந்தார்.

அவர் நம் அறுபத்து மூவரைத் தம் முன்னோராகவே வணங்கியவர். அம்மூத்தோருள் பூசலார் பொருளின்றி நெஞ்சிலே கோயில் எடுத்தார் அல்லரோ? காடவர்கோனின் கற்றளிக்குக் குறித்த நாளை மாற்றுவித்து, அந்நெஞ்சக் கோயிலிலே இறைவன் முன்னர் எழுந்தருளினான். ஆகவே உடலைக் கோயிலாக்கும் நெறி நமக்குப் புதியதன்று. தேர்வடம் பற்றும்போது, அருகில் நிற்கும் அடியாரின் குலத்தை வினவும் நெஞ்சில் அவன் எழுந்தருள்வானோ என்று நம்மை நாமே வினவுவோமாக.

திருச்சிற்றம்பலம்.