தையல் மிஷின் கம்பெனி செய்த 500 துப்பாக்கிகள்

சிங்கர் என்றதும் தமிழ் வீடுகளில் நினைவுக்கு வருவது தையல் மிஷின்தான். கறுப்பு உடல், தங்க நிற எழுத்து, மிதிப்பதற்கு இரும்புப் பலகை. அதே சிங்கர் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக 500 கைத்துப்பாக்கிகளும் செய்திருக்கிறது. அவற்றில் ஒன்று 2017இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 4,14,000 டாலருக்குப் போனது.

எம்1911ஏ1 என்பது அந்த பிஸ்டலின் பெயர். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் திருத்திய வடிவம் அது. இரண்டாம் உலகப் போரின்போது பல தொழிற்சாலைகள் அதைச் செய்தன. டைப்ரைட்டருக்குப் பேர்போன ரெமிங்டன் ராண்ட் சுமார் 8.75 லட்சம் செய்தது. ரயில்வே சிக்னல் கருவிகள் செய்துவந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ஏறத்தாழ 55,000 செய்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடம், ஒரே தோட்டா. ஒன்றின் உதிரி பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். ஆனாலும் சாதாரண ரெமிங்டன் ராண்ட் பிஸ்டலைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கிவிடலாம். சிங்கர் முத்திரை இருந்தால் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது.

போர் நெருங்கிய 1940இல், ஆயுதமே செய்திராத நிறுவனங்களால் அவசரத்துக்கு ஆயுதம் செய்ய முடியுமா என்று பார்க்க அமெரிக்க அரசு சிறு சிறு ஆர்டர்களைக் கொடுத்தது. சிங்கருக்குக் கிடைத்தது 500 பிஸ்டல். நியூ ஜெர்சி மாநிலம் எலிசபெத் நகரில் இருந்த ஆலை அவற்றை 1941இல் செய்து முடித்தது. வேலை சுத்தமாக இருந்தது. பிஸ்டலைவிட நுட்பமான வேலைகளுக்கு அந்தத் தொழிலாளர்கள் பயன்படுவார்கள் என்று அரசு முடிவு செய்து, பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் கருவிகளைச் செய்யும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தது. சிங்கர் பிஸ்டல் 500உடன் நின்றுபோனது.

எண்ணிக்கை குறைவு என்பது விலையின் முதல் படி மட்டுமே. அதே 500இல் இரண்டை அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றைப்போலப் பல மடங்கு விலை பெறுவதும் உண்டு. எது எந்த நிலையில் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

சிங்கர் தன் பிஸ்டல்களுக்குப் பளபளப்பான நீலமேற்றிய மெருகு கொடுத்தது. போர் மும்முரமானதும் மற்ற நிறுவனங்களில் பல மங்கலான சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சுக்கு மாறின. போர் முடிந்த பிறகு ராணுவக் கிடங்குகள் பழைய பிஸ்டல்களைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பூச்சு அடித்தன. ராணுவத்துக்கு அது சரியான வேலை. சேகரிப்பாளருக்கு அது பெரிய இழப்பு. ஆலையில் கொடுத்த மெருகு எவ்வளவு சதவீதம் மிச்சமிருக்கிறது என்பதை வைத்தே அவர்கள் விலை பேசுகிறார்கள்.

பழங்காசு சேகரிப்பவர் காசைப் புளி போட்டுத் தேய்க்கமாட்டார், துப்பாக்கியிலும் அப்படித்தான். பாலிஷ் சக்கரத்தில் பிடித்த துப்பாக்கி பார்வைக்குப் புதிதாக மின்னும். கூர்ந்து பார்த்தால் விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகள் ஆழமிழந்திருக்கும், திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும். ஒருமுறை போன உலோகம் திரும்பி வராது.

ஜெர்மானிய லூகர் பிஸ்டல்களில் இன்னொரு சோதனை உண்டு. அவற்றின் சிறு பாகங்களில்கூட வரிசை எண்ணையோ அதன் கடைசி இலக்கங்களையோ பொறித்திருப்பார்கள். எல்லா எண்களும் ஒத்துப்போனால் அது பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சிறு பாகத்தில் எண் மாறினாலும் விலை இறங்கும்.

உறை, பெட்டி, துணைக் கருவிகளுக்கும் மதிப்பு உண்டு. 1847இல் சாமுவேல் கோல்ட் செய்த வாக்கர் ரிவால்வர்கள் மொத்தம் 1,100 மட்டுமே. ராணுவத்துக்கு 1,000, வெளியாருக்கு 100. ராணுவத்துக்குப் போனவை மெக்சிகோ போரில் படாத பாடு பட்டன. வெடிமருந்தின் வேகம் தாங்காமல் சில வெடித்தே போயின. டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு கப்பல் தலைவர் வாங்கியதோ அசல் பெட்டியோடும் கருவிகளோடும் பத்திரமாக மிஞ்சியது. 2018இல் அது 18,40,000 டாலருக்கு விற்றது.

இனி நேர்மாறான கதை. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் அரிதான பொருளே அல்ல. 1873க்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையில் மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆனால் அந்த வகையில் ஒன்று 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. 1881 ஜூலையில் நியூ மெக்சிகோவில் ஷெரிஃப் பாட் காரெட், பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி அது.

இப்படிச் சொல்லிக்கொள்ளும் துப்பாக்கிகள் ஏராளம். இதை நம்பவைத்தவை காகிதங்கள். காரெட் அந்தத் துப்பாக்கியை எல் பாசோ நகரில் ஒரு மதுக்கடை உரிமையாளரிடம் காட்சிக்குக் கொடுத்திருந்தார். உரிமையாளர் இறந்த பிறகு, காரெட்டின் மனைவி அதைத் திரும்பக் கேட்டு 1930களில் நீதிமன்றம் ஏறி ஜெயித்தார். அந்த வழக்கு, துப்பாக்கி யாருடையது என்பதற்கு நிரந்தரச் சாட்சியாகிவிட்டது. வாய்வழிக் கதைக்கு ஏலத்தில் விலை இல்லை. கடிதம், ராணுவப் பதிவேடு, அக்காலப் புகைப்படம், ஆலையின் அனுப்புகைப் பதிவு போன்றவற்றுக்கே விலை. கோல்ட் நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட எண் கொண்ட துப்பாக்கி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று தன் பழைய பதிவேடுகளிலிருந்து கடிதம் தருகிறது.

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். சாதாரண எம்1911ஏ1இன் எழுத்துகளை ராவிவிட்டு சிங்கர் முத்திரையைக் குத்துவது பழைய தந்திரம். அதனால் வாங்குபவர் பூதக்கண்ணாடியோடு உட்காருகிறார். வரிசை எண் எஸ்800001 முதல் எஸ்800500க்குள் இருக்கிறதா? ராணுவப் பரிசோதகர் ஜான் கிளெமென்ட்டின் ஜே.கே.சி. முத்திரை உரிய இடத்தில் இருக்கிறதா? எழுத்துகளைச் சுற்றி உலோகம் பள்ளமாகியிருக்கிறதா? ஒன்று இடித்தாலும் அவர் எழுந்துவிடுகிறார்.

அமெரிக்காவில் 1898 வரை செய்த துப்பாக்கிகளைக் கூட்டாட்சிச் சட்டம் தொல்பொருளாக நடத்துகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்தின்படி, பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்தவையும் அந்தக் கணக்கில்தான். பூர்வீக வீட்டின் பெட்டியில் பழைய துப்பாக்கி கிடைத்தால் முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தகவல் சொல்ல வேண்டும். உள்ளே தோட்டா இருக்கக்கூடும் என்று எண்ணியே கையாள வேண்டும். துருவைச் சுரண்டாமல், எண்ணெய் போட்டுத் தேய்க்காமல், கூடக் கிடைத்த உறையையும் ரசீதையும் தாத்தாவின் பழைய உரிமத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பது நல்லது.