நான்கு நாட்டு நேரம், ஒரு மனம்

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் காலை பத்து மணி என்றால் சிங்கப்பூரில் மதியம் பன்னிரண்டரை. துபாயில் எட்டரை, ரியாத்தில் ஏழரை. இந்தக் கணக்கை யோசிக்காமல் சொல்லக்கூடிய பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவான். அதே நேரத்தில் சவுதியில் இருக்கும் கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே கூப்பிடுவார். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிடும். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து நிற்கும். வங்கியில் வைத்த நகைக்கு வட்டி கட்டும் நாள் நெருங்கும். பல வீடுகளில் இவ்வளவுக்கும் நடுவே மடியில் பீடித் தட்டு இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கும் அந்த வேலையில் கையும் கண்ணும் விலகினால் எண்ணிக்கை விழும்.

பொழுது சாயும்போது இந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு: "ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது." நாள் முழுக்க உட்காராமல் உழைத்தவர் இப்படிச் சொல்வதில் முரண் எதுவும் இல்லை. மனத்தைக் களைப்படைய வைப்பது வேலையின் அளவு மட்டும் அல்ல, எது முதலில் என்று தீராமல் எல்லாமே ஒரே உயரத்தில் நிற்பதும்தான் என்று சொல்ல உளவியலில் இன்று போதுமான சான்று இருக்கிறது.

இந்த ஊரின் மனம் கடல் தாண்டி இயங்குவது புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், நெசவுக்குப் பேர்போன கடையநல்லூரிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே முஸ்லிம் குடும்பங்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது; 1946-இல் அந்த அமைப்பு அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் நிறுவியது. அந்த நாளில் அக்கரைச் செய்தி கடிதமாக வந்தது. படித்து, அழுது, சிரித்து, பதில் எழுதும்வரை அது காத்திருந்தது. இப்போது செய்தி காத்திருப்பதில்லை.

முடியாத வேலை மனத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வி விஞ்ஞானத்தில் ஏறக்குறைய நூறாண்டுப் பழமையானது. பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினிடம் பயின்ற ப்ளூமா ஸைகார்னிக் 1927-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள், முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்றார். பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் அவரோடு பயின்ற மரியா ஓவ்சியான்கினா கண்ட இன்னொன்று உறுதியாக நின்றிருக்கிறது: பாதியில் விட்டதைத் திரும்பப் போய்த் தொடச்சொல்லி உள்ளே ஒரு உந்துதல் இருந்துகொண்டே இருக்கும்.

அந்த உந்துதலை எப்படி அடக்குவது? 2011-இல் மசிகாம்போ, ராய் பௌமெய்ஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனைகளின் முடிவு ஆறுதலானது. முடியாத ஒரு காரியத்தை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தவர்களின் கவனம் வரிக்கு வரி சிதறியது. அதே காரியத்தை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவெடுத்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தொந்தரவு பெரும்பாலும் இல்லை. காரியம் இன்னும் முடியவில்லை. முடிவு மட்டும்தான் எடுத்தாகிவிட்டது. மூளைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தூக்கத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்கள் படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். ஒரு பாதியினர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மறு பாதியினர் இனிச் செய்யவேண்டியவற்றை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. கவலையை எழுதினால் கவலை கூடும் என்று நினைத்திருப்போம், நடந்தது வேறு.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதின் எச்சம் மனத்தில் தங்கிவிடுகிறது என்று 2009-இல் ஆய்வாளர் சோஃபி லெராய் காட்டினார். கடையநல்லூர்த் தறிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேசவேண்டியதில்லை. நூல் அறுந்தால் அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் நாடா மறுபடி ஓடும். அறுந்தது ஒரு நொடி, சேர்க்கப் பல நொடி. கைப்பேசியின் ஒவ்வொரு கிணுகிணுப்பும் அப்படி ஓர் இழையை அறுக்கிறது.

"அப்படியானால் ஒரே அமர்வில் பலவற்றில் கவனம் வைக்கும் நம் அவதானிகள் எப்படிச் செய்தார்கள்?" என்று தமிழ் படித்தவர்கள் கேட்கக்கூடும். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களில் ஒரே அமர்வில் கவனம் செலுத்திச் சதாவதானி என்று பெயர் பெற்றவர். ஈற்றடி கொடுத்தால் வெண்பா, முதுகில் விழும் பொருள்களின் எண்ணிக்கை, மணியோசையின் கணக்கு என்று அவதானத்தில் பல வகை உண்டு. ஆனால் அவதானம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் செய்யும் வித்தை அல்ல. கேள்வி ஒவ்வொன்றாக வருகிறது. அவதானி அதை வாங்கி, உரிய இடத்தில் நிறுத்திவைத்து, அடுத்ததற்குப் போய், முறை தவறாமல் திரும்பி வருகிறார். பல்லாண்டுப் பயிற்சி அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அமர்வு முடியும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது. ஊரே சுற்றி உட்கார்ந்து அவருடைய கவனத்தைக் காத்துக் கொடுக்கிறது. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் காவல் யாரும் தருவதில்லை.

இந்த இடத்தில்தான் வழக்கமான அறிவுரைகள் தடுமாறுகின்றன. "முக்கியமானதை முதலில் செய்யுங்கள்" என்று சொல்வது எளிது. அவசரமானதுதான் முக்கியமானதை முந்திக்கொண்டு வந்து நிற்கும். 2018-இல் மெங் ஸூ, யாங் யாங், கிறிஸ்டோபர் சீ ஆகிய ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், அதிகப் பலன் தரும் வேலையை விட்டுவிட்டு, நேரம் முடியப்போகிறது என்று தோன்றிய சிறு வேலையையே பலர் தேர்ந்தெடுத்தார்கள். தங்களை எப்போதும் நேரமில்லாதவர்களாக நினைப்பவர்களிடம் இந்தச் சாய்வு கூடுதலாக இருந்தது.

பணத் தட்டுப்பாடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நம் மண்ணில்தான் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும். அடகு வைப்பதும் அப்போதுதான் அதிகம். அதே விவசாயிகள், கரும்புப் பணம் வந்த பிறகு, வடிவப் புதிர்களிலும் கவனச் சோதனைகளிலும் தெளிவாகத் தேறினார்கள். நான்கு மாத இடைவெளியில் யாருடைய அறிவும் வளர்ந்துவிடவில்லை. பணக் கவலை பிடித்துவைத்திருந்த இடம் விடுபட்டது, அவ்வளவுதான். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த ஆய்வின் புள்ளியியல் முறை மீது பின்னர் விமர்சனங்கள் எழுந்தன. ஆனாலும் ஏழையின் மறதியைச் சோம்பலாகவும் அசட்டையாகவும் பார்த்த பார்வையை அது அசைத்துவிட்டது. அடுத்த முறை வட்டி நாளை மறந்த ஒருவரைத் திட்ட வாயெடுக்கும் முன் இந்த 464 பேரை நினைத்துக்கொள்வது நல்லது.

முன்னுரிமை தருவது என்றால் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றைக் கீழே வைப்பது. தென்காசிப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மத்தளம்பாறையில் வசித்தபடி சோஹோ மென்பொருள் நிறுவனத்தை நடத்திவந்த ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகி, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சியில் முழுநேரம் ஈடுபடப்போவதாக அறிவித்தார். நிர்வாகப் பொறுப்பை ஷைலேஷ் குமார் டேவி ஏற்றார். துணிச்சலான முடிவு. அது நடந்தேறக் காரணம், அவர் இறக்கிவைத்ததைத் தாங்கிக்கொள்ள வேறு ஒருவர் இருந்தார்.

பீடி சுற்றும் பெண் எதை இறக்கிவைப்பார், யாரிடம்? ஆயிரத்தை எண்ணூறாகக் குறைத்தால் கூலி போய்விடும். சமையலைக் குறைக்க முடியாது. மாமியாரின் மருந்து நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே ஒருவருடைய மனவுறுதியை மட்டும் நம்பி முன்னுரிமையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. அது குடும்பமாக உட்கார்ந்து எடுக்கவேண்டிய முடிவு. தண்ணீர் பிடிப்பது யார், பள்ளிக் குழுவைப் பார்ப்பது யார், வங்கிக்குப் போவது யார் என்று பெயரோடு பிரித்துவிட்டால், ஒவ்வொருவர் தலையிலும் பாதியில் நிற்கும் காரியங்கள் குறையும். வெளிநாட்டு அழைப்புக்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளலாம். அது பாசத்தைக் குறைக்காது. ஐந்து முறை அரைகுறையாகப் பேசுவதைவிட ஒரு முறை முழுதாகப் பேச வழிசெய்யும். வேலை நடக்கும் நேரத்தில் கைப்பேசியை வேறு அறையில் வைப்பதும் பயன் தரும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (2017), போன் அணைந்திருந்தாலும் மேசைமேல் இருந்தால் கவனம் குறைந்தது தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், செலவில்லாத இந்த முயற்சியால் யாருக்கும் கெடுதல் இல்லை.

சிதறல் ஒரு கட்டத்தைத் தாண்டி மனச்சோர்வாக மாறும்போது பட்டியல் போடவே தெம்பு இருக்காது. அங்கும் 'எது முக்கியம்' என்ற கேள்வி சிகிச்சையாகப் பயன்படுகிறது என்பதற்கு கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழு நடத்திய சோதனை சான்று. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓரளவு கடுமையானது முதல் மிகக் கடுமையானது வரையிலான மனச்சோர்வு உள்ளவர்களை மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் சந்தித்தார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அந்த மனிதருக்கு எது பொருள் தருகிறதோ அதில் சிறிய ஒன்றைத் தேர்ந்து, நாளும் நேரமும் குறித்து, செய்யவைத்தார்கள். நடைப்பயிற்சியாக இருக்கலாம், நண்பரைப் பார்ப்பதாக இருக்கலாம், தள்ளிப்போட்ட ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதாக இருக்கலாம். மூன்று மாதத்தில் இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோய்க்குறியிலிருந்து மீண்டிருந்தார்கள். பெறாதவர்களில் 39 விழுக்காடு. 'லான்செட்' இதழ் 2017-இல் இதை வெளியிட்டது. மருத்துவக் கல்லூரி இல்லாத ஊரிலும் நடத்தக்கூடிய சிகிச்சை என்பதால், தென்காசி போன்ற மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி குறைவு.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, எதையும் தொடங்க முடியவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று ஒதுக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது அழைத்துப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.