கடை பிடிப்பதும் நிலம் பிடிப்பது போலத்தான்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... நேரடி விற்பனைக்கு இடம் தேடும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

திருவள்ளூர் பக்கமிருந்து சென்னைக்குப் போகும் விடியற்காலை மின்சார ரயிலில் கீரைக்கட்டு, வாழை இலை, பூக்கூடை என்று சரக்கோடு ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். சிலர் ஆவடியில் இறங்குவார்கள். சிலர் அம்பத்தூருக்குப் போவார்கள். எந்த ஊரில், எந்தத் தெருமுனையில் உட்கார்ந்தால் கூடை காலியாகும் என்பது அவர்களுக்குப் பல வருட அனுபவத்தில் அத்துப்படி. சரக்கு விற்காவிட்டால், மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு முனைக்குப் போய்விடலாம்.

ஆனால், கடை அப்படியல்ல. மரச்செக்கு எண்ணெய், பாரம்பர்ய அரிசி, பால் பொருள்கள், சிறுதானிய மாவு என்று மதிப்புக்கூட்டி விற்க ஆரம்பித்த விவசாயக் குடும்பங்கள், ‘புறநகரில் சொந்தமாக ஒரு கடை போட்டால் என்ன?’ என்று யோசிக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால், ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் எழுந்துவிடலாம். தவறான இடத்தில் கடை பிடித்துவிட்டால் ரேக், போர்டு, பெயின்ட், புரோக்கர் கமிஷன் என்று போட்ட பணம் திரும்பாது. நகையை அடகு வைத்துப் போட்ட முதல் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால், வாடகை பேசுவதற்கு முன்பு இடம் பார்ப்பதில்தான் அதிக நாள் செலவிட வேண்டும்.

மூன்று ஊர்... மூன்று விதமான கூட்டம்!

சென்னையின் மேற்குப் புறநகர் என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டாலும், மூன்று ஊர்களின் வாடிக்கையாளர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர்.

அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-ல் சிறு தொழில்களுக்கான தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. அதன்பிறகு ஊரே தொழிலாளர்களின் ஊராக மாறியது. பேட்டைக்குள் நடமாட்டம் ஷிஃப்ட் நேரத்தைப் பொறுத்தது. டீ, சுண்டல், மதிய உணவு, மோர் என்று நின்றபடியே வாங்கிப் போகும் பொருள்களுக்கு அது நல்ல இடம். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வாங்க அங்கு யாரும் நிற்க மாட்டார்கள். அந்தப் பொருளுக்கு அவர்கள் வீடு திரும்பும் வழியில், குடியிருப்புப் பகுதியில்தான் கடை இருக்க வேண்டும்.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம் என்று மாதச் சம்பளக்காரர்கள் அதிகம். மாதத்தின் முதல் வாரத்தில் மளிகை வாங்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் அவை. அரிசி, எண்ணெய், பருப்பு விற்பவர்களுக்கு இது தோதான ஊர். பல மாநிலத்தவர் வசிப்பதால் கடுகு எண்ணெய், கோதுமை மாவு கேட்டும் வருவார்கள். சீரமைக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் இன்னொரு ரகம். கீரை, சிறுதானியக் கஞ்சி போன்றவற்றுக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும்.

பூந்தமல்லிக்குப் புறநகர் மின்சார ரயில் கிடையாது. பெரும்பாலும் சாலைதான். காஞ்சிபுரம், திருவள்ளூர், பெங்களூரு பக்கமிருந்து வரும் வாகனங்கள் சென்னைக்குள் நுழையும் வாசல் அது. பூவிருந்தவல்லி என்ற பெயருக்கு ஏற்ப, இங்கு பூந்தோட்டம் வைத்து, காஞ்சி வரதராஜருக்குப் பூ எடுத்துப்போனவர் திருக்கச்சி நம்பிகள் என்பது ஐதீகம். விளையும் இடத்தையும் விற்கும் இடத்தையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால், நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்கள் எல்லாமே வாடிக்கையாளர் ஆகிவிடாது. வண்டியை ஓரங்கட்ட இடம் இருந்தால்தான் வியாபாரம்!

திருமழிசை சொன்ன பாடம்

இடம் மாறினால் வியாபாரம் என்ன ஆகும் என்பதை 2020-ம் ஆண்டில் மொத்தத் தமிழ்நாடும் பார்த்தது. கொரோனா பரவலால் மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை அமைக்கப்பட்டது. லாரிகள் வந்து போக விசாலமான இடம், பக்கத்திலேயே நெடுஞ்சாலை என்று வசதிகள் இருந்தன. ஆனால், 1996-ல் திறக்கப்பட்ட கோயம்பேட்டில் இருந்த கட்டடம், கூரை, கிடங்கு வசதிகள் அந்தத் திறந்தவெளியில் இல்லை. மழை பெய்ததும் சேறானது. காய்கறிகள் வீணாயின. நகரத்துக்குள்ளிருந்து வந்து வாங்கும் சில்லறை வியாபாரிகளுக்கு வண்டி வாடகை கூடியது. செப்டம்பர் 28-ம் தேதி கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் மீண்டும் தொடங்கியது.

சரக்கு வந்து சேர்வதற்கு வசதியான இடமாக இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவர் வந்து போகவும், விற்காத சரக்கு கெடாமல் இருக்கவும் வசதி வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நஷ்டம் விற்பவர் தலையில்தான்.

ஏரி எங்கே... கலங்கல் எங்கே?

நகரத்து வியாபாரிகள் பலர் தவறவிடும் விஷயம் தண்ணீர். விவசாயிகளுக்கோ அது கைவந்த கலை. நிலம் வாங்கும்போது, ‘வடிகால் எந்தப் பக்கம்?’ என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அதே கேள்வியைக் கடைக்கும் கேட்க வேண்டும்.

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று இந்தப் பகுதி முழுக்க ஏரிகள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரியை நோக்கிப் போகும். 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. இயந்திரங்கள், மோட்டார்கள், மூலப்பொருள்கள் தண்ணீரில் மூழ்கின. அரிசி மூட்டை நனைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சுற்றியுள்ள சுவர்களில் பழைய நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். பக்கத்து டீக்கடையில், ‘மிக்ஜாம் மழைக்குத் தண்ணி எதுவரை வந்தது?’ என்று கேட்கலாம். கடையின் தரை, சாலையைவிட உயரமா, தாழ்வா என்று கவனிக்கலாம். சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போட்டதால் பள்ளத்தில் போன கடைகள் இந்தப் பகுதியில் ஏராளம். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய் இடத்தைப் பார்ப்பது நல்லது.

செக்கு ஊரில்... கடை நகரத்தில்!

எண்ணெய் ஆட்டும் பலர், செக்கையும் புறநகர்க் கடையிலேயே வைத்துவிட நினைக்கிறார்கள். கண்ணெதிரே ஆட்டிக் கொடுத்தால் நம்பிக்கை வரும் என்பது உண்மைதான். அதற்கான செலவையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு தேவைப்படும். செக்கு நகரத்தில் இருந்தால் பருப்பு முழுவதையும் வண்டியேற்ற வேண்டும். புண்ணாக்கைத் திரும்பவும் மாட்டுக்கு ஊருக்கு அனுப்ப வேண்டும். செக்குக்குக் கூடுதல் இடம், கூடுதல் வாடகை, த்ரீ ஃபேஸ் மின்சாரம், அக்கம்பக்கத்தாரின் சத்தப் புகார் எல்லாம் சேரும்.

ஊரில் ஆட்டி, எண்ணெயை மட்டும் குட்டி யானையில் ஏற்றினால், 100 சதுர அடி கடையே போதுமானது. புண்ணாக்கு தொழுவத்திலேயே தங்கிவிடும். இடத்தைத் தேடுவதற்கு முன்பு, எந்த வேலைக்கு இடம் தேடுகிறோம் என்பதில் தெளிவு வந்துவிட்டால் பாதிச் செலவு குறையும்.

வாடகையைச் சரக்கு தாங்குமா?

மெயின் ரோட்டில் வாடகை அதிகம். உள் தெருவில் குறைவு. எது லாபம் என்பதை ஒரு மாதிரிக் கணக்கு மூலம் பார்க்கலாம்.

மெயின் ரோடு கடைக்கு மாத வாடகை 15,000 ரூபாய், ஆள் சம்பளம் 15,000 ரூபாய், மின்சாரம் 3,000 ரூபாய், சேதாரம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 35,000 ரூபாய். 100 ரூபாய் விற்பனையில் 20 ரூபாய் நிற்கும் என்றால், செலவைச் சமாளிக்கவே மாதம் 1,75,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5,833 ரூபாய். ஒருவர் சராசரியாக 200 ரூபாய்க்கு வாங்கினால், தினமும் 30 பேர் வர வேண்டும்.

உள் தெருவில் வாடகை 6,000 ரூபாய். மற்றவை அதே அளவு என்றால் செலவு 26,000 ரூபாய். மாதம் 1,30,000 ரூபாய் விற்பனை, தினமும் 22 பேர் போதும். அதாவது, மெயின் ரோடு என்பதற்காகத் தினமும் 8 பேர் கூடுதலாக வர வேண்டும். வந்தால் மெயின் ரோடு லாபம். வராவிட்டால் ‘பார்வையான இடம்’ என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். தெரிந்தவர்கள் தேடி வந்து வாங்கும் எண்ணெய், அரிசி போன்ற பொருள்களுக்கு உள் தெருவே போதும். பழம், பூ, இளநீர் போன்றவை வழிப்போக்கர் பார்த்து வாங்குபவை. அவற்றுக்குத்தான் மெயின் ரோடு.

தினமும் எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கடைக்கு எதிரில் ஒரு வேலை நாளும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் காலை, மதியம், மாலை ஒவ்வொரு மணி நேரம் நின்று, நடந்து போகிறவர்களை எண்ணிப் பார்க்கலாம். பக்கத்துக் கடையில் எத்தனை பேர் பையோடு வெளியே வருகிறார்கள் என்பதையும் எண்ணலாம். மாலையில் வீடு திரும்புகிறவர்கள் சாலையின் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது முக்கியம். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர்ப்பக்கத்துக் கூட்டம் இந்தப் பக்கம் வராது.

சாலையின் நாளையும் பார்க்க வேண்டும்

பாடியிலிருந்து திருநின்றவூர் வரையான சாலையை அகலப்படுத்துவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ ரயில் தடத்தின் பணிகளுக்காகச் சாலையில் தடுப்புகள் வைக்கப்பட்டபோது, ஓரக்கடைகளுக்கு வண்டி நிறுத்தவே இடமில்லாமல் போனது. அதனால், பிடிக்கப்போகும் கடையின் முன்பகுதி சாலை விரிவாக்கத்தில் போகுமா என்று விசாரிக்காமல் முதல் போடக் கூடாது. சந்தை விலையைவிட மிகக் குறைந்த வாடகைக்கு ஒரு கடை வருகிறது என்றால், அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை, இதற்கு முன்பு அங்கு கடை வைத்திருந்தவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

காகிதம் சரியாக இருக்க வேண்டும்

வாய்ப்பேச்சில் கடை பிடிப்பது ஆபத்து. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டப்படி, கடைகளுக்கும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் தேவை. அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழக்கமாக இருப்பதால், பேசிக் குறைக்க இந்த விதி உதவும்.

ஒப்பந்தத்தில் வாடகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை சதவிகிதம் உயரும், காலி செய்ய எவ்வளவு நாள் அவகாசம், அட்வான்ஸ் எப்போது திரும்பும், ஷட்டர், கூரை பழுதுக்கு யார் செலவு என்பதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். வாடகைக்கு விடுபவர்தான் உரிமையாளரா என்பதைச் சொத்துவரி ரசீது மூலம் சரிபார்க்க வேண்டும். மின் இணைப்பு வணிகப் பயன்பாட்டுக்கானதா என்று பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் வரும். உணவுப் பொருள் விற்பவர்களின் உணவுப் பாதுகாப்புப் பதிவும் அந்த முகவரிக்குத்தான் கிடைக்கும். இடத்தை மாற்றினால் பதிவையும் மாற்ற வேண்டும்.

முதலில் சந்தை... பிறகு கடை!

புது ரக விதையை முழு நிலத்திலும் யாரும் விதைத்துவிட மாட்டார்கள். ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பார்கள். கடைக்கும் அதுதான் முறை. காய்கறி, கீரை, பழம் விளைவிக்கும் விவசாயிகள் அடையாள அட்டை பெற்று, உழவர் சந்தையில் வாடகையின்றி விற்கலாம். 1999-ல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், அம்பத்தூரிலும் ஆவடி பருத்திப்பட்டிலும் சந்தைகள் உள்ளன. மற்ற பொருள்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியோடு ஞாயிறு தோறும் மேஜை போட்டு விற்றுப் பார்க்கலாம்.

மூன்று மாதம் இப்படி விற்றால், திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பது நோட்டில் சேர்ந்துவிடும். கடைக்கான இடத்தை அந்த நோட்டே காட்டும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒரே கடை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒருவரிடம் அரிசி, இன்னொருவரிடம் எண்ணெய், மற்றவரிடம் காய்கறி இருந்தால் வாடிக்கையாளருக்கும் ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும். ஒப்பந்தம் யார் பெயரில், நஷ்டத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்வது அவசியம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருப்பவர்கள், நிறுவனத்தின் பெயரிலேயே கடை எடுப்பது நல்லது.

ஏற்கெனவே எண்ணெய்க் கடை இருக்கும் தெருவில் இன்னொரு கடை போடலாமா?

அந்தத் தெருவுக்கு எண்ணெய் வாங்க மக்கள் வருகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால், அவர் விற்காத ஏதாவது ஒன்று புதிய கடையில் இருக்க வேண்டும். விலையைக் குறைத்து மட்டும் போட்டி போடுவது இரண்டு கடைகளுக்கும் நல்லதல்ல.

எத்தனை மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

அட்வான்ஸ், சரக்கு தவிர, குறைந்தது ஆறு மாத வாடகையையும் சம்பளத்தையும் தனியாக வைத்திருப்பது பாதுகாப்பு. அடுத்த போகத்துக்கான விதை, உரப் பணத்தை எடுத்துக் கடையில் போடவே கூடாது. நிலம் ஓடினால்தான் கடைக்குச் சரக்கு வரும்.