மும்பை - புனே சைக்கிள் பந்தயம்: ஒருவர் ஜெயிக்க ஐவர் மிதிக்க வேண்டும்

மும்பையிலிருந்து புனேக்கு ரயிலில் போகும் நம்மவர்கள் பலருக்குக் கர்ஜத் நிலையம் என்றால் வடா-பாவ்தான் நினைவுக்கு வரும். அவர்கள் வடா-பாவ் வாங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், பல வண்டிகளின் வால் பக்கத்தில் கூடுதல் என்ஜின்கள் வந்து கோக்கப்படுகின்றன. ரயில்வேக்காரர்கள் இவற்றைப் 'பாங்கர்' என்பார்கள். கர்ஜத்தைத் தாண்டியதும் வருகிற போர் காட் மலைப் பாதையில் 37 அடி போனால் ஓர் அடி உயரம் ஏற வேண்டும். முன் என்ஜின் இழுக்க, பாங்கர்கள் பின்னாலிருந்து தள்ள, வண்டி லோனாவாலா போய்ச் சேருகிறது. அங்கே பாங்கர்கள் கழன்றுகொண்டு கீழே திரும்பிவிடுகின்றன. அவை வந்ததும் போனதும் பயணிகளுக்குத் தெரிவதில்லை.

இதே மலையில், கோபோலி வழியாக ஏறும் பழைய மும்பை - புனே சாலையில் நடப்பதுதான் புகழ் பெற்ற மும்பை - புனே சைக்கிள் பந்தயம். அதிலும் பாங்கர்கள் உண்டு. அவர்கள் மனிதர்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

1945-ல் தொடங்கியது

இந்தப் பந்தயம் 1945-ல் தொடங்கியது. இடையிடையே நின்றும், மறுபடி தொடங்கியும் நடந்து வந்திருக்கிறது. மொத்தத் தூரம் சுமார் 150 கிலோமீட்டர். பன்வேல் வரை பெரும்பாலும் சமதரை. கோபோலிக்குப் பிறகு 500 மீட்டருக்கு மேல் உயரம் ஏறி, கண்டாலா, லோனாவாலா வழியாகப் புனே போய்ச் சேர வேண்டும்.

மலையை முதலில் ஏறி முடிப்பவருக்கு மராத்தியில் 'காட்டாச்சா ராஜா' என்று பட்டம். மலைச்சாலையின் ராஜா என்று பொருள். சாலையோரத்தில் நிற்கும் கூட்டம் இந்தப் பட்டத்துக்குத்தான் அதிகமாகக் கை தட்டும். ஆனால் ராஜாவாகப் பட்டம் வாங்கியவர்தான் புனேயிலும் முதலில் வருவார் என்று சொல்ல முடியாது. காரணம், லோனாவாலாவிலிருந்து புனேக்கு இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தனியாக முன்னால் போனவரைப் பின்னால் வரும் கூட்டம் பிடித்துவிட அந்தத் தூரம் போதும்.

தனியாகப் போனவர் ஏன் பிடிபடுகிறார்? இதைப் புரிந்துகொண்டால் சைக்கிள் பந்தயத்தில் பாதி புரிந்த மாதிரி.

எதிரி காற்றுதான்

சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போனால், மிதிப்பவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆனால் முன்னால் ஒருவர் போக, அவருடைய பின் சக்கரத்தை ஒட்டினாற்போல் இன்னொருவர் போனால், பின்னால் இருப்பவருக்குக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம்.

இதனால் ஒரு கழகத்தைச் சேர்ந்தவர்கள் வரிசையாகப் போவார்கள். முன்னால் இருப்பவர் ஓரிரு நிமிடம் காற்றை வாங்கிக்கொண்டு விலகி, வரிசையின் கடைசிக்கு வருவார். அடுத்தவர் முன்னால் போவார். கடைசியில் யார் பாய்ந்து கோட்டைத் தொட வேண்டுமோ, அவரை மட்டும் மற்றவர்கள் காற்றில் விடாமல் பத்திரமாகப் பொத்திக்கொண்டு போவார்கள். பந்தயம் முடிய ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவர் வெளியே வருவார். மறுநாள் பத்திரிகையில் வருவது அவர் படம். அவருக்காக நாலு மணி நேரம் காற்றைக் கிழித்தவர்கள் முப்பதாவதாகவோ நாற்பதாவதாகவோ வந்து சேர்ந்திருப்பார்கள்.

பரிசுத் தொகையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது இந்த விளையாட்டில் பழைய வழக்கம். அது தர்மம் அல்ல, கூலி.

வசைச் சொல் பட்டமான கதை

இப்படி அடுத்தவருக்காக மிதிப்பவருக்கு உலகம் முழுவதும் 'டொமெஸ்டிக்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம். 1903-ல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி டெக்ரான்ஜுக்கு, ஒரு வீரர் இன்னொருவருக்கு உதவுவது அறவே பிடிக்காது. 1911-ல் மோரீஸ் புரோக்கோ என்ற வீரர் மற்றவர்களுக்காக மிதித்ததைக் கண்டு ஆத்திரமடைந்து அவரை இந்தச் சொல்லால் ஏசினார். ஏச்சு நிலைத்துவிட்டது, அதிலிருந்த இழிவு மட்டும் போய்விட்டது.

1934-ல் அதே பந்தயத்தில் ரெனே வியெத்தோ என்ற 20 வயது இளைஞர் மலை ஏறுவதில் எல்லோரையும் மிஞ்சி நின்றார். அவருடைய அணித் தலைவர் அந்தோனன் மாஞ்சின் சக்கரம் உடைந்தபோது, வியெத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கு மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரின் மேல் உட்கார்ந்து அழுதார். மறுநாளும் தலைவரின் வண்டி பழுதாகிவிட்டது என்று தெரிந்ததும், வந்த வழியே திரும்பி மேலே ஏறிப் போய் உதவினார். மாஞ் பந்தயத்தை வென்றார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். ஆனால் பிரான்ஸ் மக்கள் மனத்தில் நின்றது அந்த அழுத முகம்தான்.

ஒரு குமாஸ்தா சேர்ந்தால்...

சயானிலோ செம்பூரிலோ ஓர் அறையில் நாலு பேருடன் தங்கி, கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குப் போய் வரும் ஒரு குமாஸ்தா, இப்படிப்பட்ட ஓர் அமெச்சூர் கழகத்தில் சேருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இருப்பது ஊரிலிருந்து வந்த சாதாரண சைக்கிள். அதன் எடை 20 கிலோ அளவில் இருக்கும். பந்தய சைக்கிள் அதில் பாதிகூட இராது. உலக சைக்கிள் சங்கத்தின் விதிப்படி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பதே வரம்பு. ஆகவே முதல் கேள்வி பணம். பழைய பந்தய வண்டியைக் கைமாற்றாக வாங்குவதுதான் பெரும்பாலோர் வழி. கழகத்தில் சேருவதில் உள்ள முதல் லாபமும் இதுவே. வண்டியைப் பார்த்து வாங்க, செயின் மாற்ற, சக்கரத்தின் கோணல் எடுக்க, கை பழகிய மூத்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

அடுத்தது நேரம். லாரிகள் பெருகுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பதால், பயிற்சி விடியுமுன் தொடங்குகிறது. அதற்கு மூன்றரை மணிக்கு எழுந்தாக வேண்டும். முதல் நாள் ஓவர்டைம் பார்த்திருந்தாலும் எழுந்தாக வேண்டும்.

மூன்றாவது பழக்கம். கூட்டத்தில் மிதிப்பது தனிக் கலை. முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தன் முன் சக்கரத்தை நுழைய விடக் கூடாது. இரண்டும் உரசினால் விழுபவர் பின்னால் இருப்பவர்தான். அவர் மேல் இன்னும் பத்துப் பேர் விழுவார்கள். பள்ளம் வந்தால் கை காட்ட வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. தலைக்கவசம் இல்லாதவரை எந்த ஒழுங்கான கழகமும் கூட்டத்தில் சேர்க்காது. தொழில்முறை வீரர்களே ஒரு காலத்தில் இதை எதிர்த்தவர்கள். 2003-ல் பாரிஸ் - நீஸ் பந்தயத்தில் ஆந்திரே கிவிலேவ் என்ற கஜகஸ்தான் வீரர் தலையில் அடிபட்டு இறந்த பிறகு, அது உலக அளவில் கட்டாயமானது.

நான்காவது சாப்பாடு. கடுமையாக மிதித்தால் உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். புனே பந்தயமோ அமெச்சூர்களுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். பசி தெரிவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். மணிக்கு இரண்டு வாழைப்பழம் போதுமான கணக்கு. லோனாவாலாவில் எல்லோரும் பொட்டலம் கட்டி வாங்கும் சிக்கி, அதாவது நம் கடலை மிட்டாய், இதற்கு மிகவும் ஏற்றது. இதைத் தவறவிட்டவருக்குக் கால் திடீரென்று கல்லாகிவிடும். எவ்வளவு வீரமும் அப்போது உதவாது.

மலையில் நடப்பது

கோபோலி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காற்றின் கணக்கு மாறிவிடுகிறது. வேகம் குறைந்துவிடுவதால் அடுத்தவர் நிழலில் ஒதுங்குவதில் அதிக லாபமில்லை. உடம்பின் எடையும் காலின் பலமும்தான் பேசும். இங்கேதான் கூட்டம் உடையும். சமதரையில் கழகத்துக்காக உழைத்தவர்கள் பின்தங்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் வேலை முடிந்துவிட்டது.

வழியில் சிங்ரோபா கோயில் இருக்கிறது. இந்த மலையில் வழி காட்டிய ஆட்டிடையனை, வேலை முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. இன்றும் டிரைவர்கள் வண்டியிலிருந்தபடியே அங்கே காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். மேலே கண்டாலா பக்கத்தில், 1830-ல் கட்டிய பழைய பாலம் ஒன்று வெகுகாலம் இருந்தது. அமிர்தாஞ்சன் விளம்பரப் பலகை அங்கே இருந்ததால் பாலத்துக்கே அமிர்தாஞ்சன் பாலம் என்று பெயர் வந்துவிட்டது. 1893-ல் மும்பையில் பிறந்து, 1914-ல் சென்னைக்குக் குடிபோன தைலம் அது. 2020 ஏப்ரலில் பாலத்தை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் இருக்கிறது. கால் வலியோடு அந்த இடத்துக்கு வந்து சேருகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

2002-ல் எக்ஸ்பிரஸ் சாலை முழுவதும் திறக்கப்பட்டது. அதில் சைக்கிளுக்கு இடமில்லை. சைக்கிள்காரர்களின் சாலை இன்றும் பழைய சாலைதான்.

வேலை கிடைக்குமா?

நம் இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. ரயில்வே போன்ற அரசுத் துறைகளில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. சைக்கிள் வீரர்களும் அதில் எடுக்கப்படுகிறார்கள். தேசியப் போட்டிகளில் ரயில்வே அணி எப்போதும் பலமான அணி. ஆனால் கணக்கில் எடுக்கப்படுவது அங்கீகாரம் பெற்ற மாநில, தேசியப் போட்டிகளில் பெற்ற இடம் மட்டுமே. கழகத்துக்காக ஐந்து வருஷம் காற்றை வாங்கிக்கொண்டு முப்பதாவதாக வந்தவருக்குச் சான்றிதழில் ஒரு வரியும் இராது.

இந்த விளையாட்டில் உள்ள நிஜமான குறை இதுதான். இதைத் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும். வேலைக்காகவே மிதிக்க நினைப்பவர், தனி ஆளாக நேரம் கணக்கிடும் 'டைம் டிரயல்' போட்டிகளிலும் பெயர் கொடுத்து வைப்பது நல்லது. அங்கே யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. யாருக்காகவும் காற்று வாங்க வேண்டியதும் இல்லை. கடிகாரம் காட்டுவது அவரவர் கால் பலத்தை மட்டுமே.

மற்றபடி, கழகத்தில் சேர்ந்தவர்கள் சுலபத்தில் விட்டுப் போவதில்லை. ஊருக்கு மணியார்டர் அனுப்பியே வயதானவர்கள் நிறைந்த நம் மும்பைத் தமிழர்களுக்கு, தான் முன்னால் நின்று காற்றை வாங்க இன்னொருவர் ஜெயிப்பது ஒன்றும் புதிய அனுபவம் அல்ல. சைக்கிள் கழகத்தில் ஒரு சலுகை உண்டு. அங்கே முறை வைத்து மாறிக்கொள்வார்கள். காற்று வாங்கியவர் களைத்துப் போனால் பின்னால் வந்து இளைப்பாறலாம். அடுத்தவர் தானாகவே முன்னால் போவார்.