மூக்கு நிழலின் ஓரம்

ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்லூரி முடித்த தம்பி ஊரிலேயே போட்டோ ஸ்டுடியோ வைக்க நினைக்கிறாராம். மூன்று லைட், மூன்று ஸ்டாண்டு, ஒரு ரிங் லைட் சேர்ந்த ‘கிட்’ ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கலாமா, இல்லை அந்தப் பணத்தில் கேமராவை மாற்றலாமா என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். கையில் இருக்கும் கேமரா போதும். ஒரு நல்ல பிளாஷ், ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் அல்லது வெள்ளைக் குடை, கனமான ஒரு ஸ்டாண்டு, இவ்வளவுதான் முதல் வருடத்துக்கு. ஒரே ஒரு லைட் ஏன் போதும் என்பதற்குப் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. அது தெரிந்தவருக்கு இரண்டாவது லைட்டை விற்பது கடினம்.

ஒரு படத்தைப் பார்த்ததும் ‘லைட்டிங் நல்லாருக்கு’ என்கிறோமே, அப்போது கண் எடைபோடுவது பெரும்பாலும் நிழலின் ஓரத்தைத்தான். மூக்கு கன்னத்தில் போடும் நிழல் சட்டென்று முடிகிறதா, மெல்லக் கரைகிறதா? இதை முடிவுசெய்வது, கன்னத்தில் இருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது ஒன்றுதான்.

கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நாற்காலி கிடைத்தவருக்கு இது உடனே புரியும். மேடையில் மாப்பிள்ளை மட்டும் நிற்கிறார் என்றால், தூண் அவரை மறைக்கும், அல்லது மறைக்காது. நடுவில் ஒன்றும் கிடையாது. அதே மேடையில் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை சொந்தக்காரர்கள் நிறைந்து நின்றால் தூணுக்கு நேர் பின்னால் இருப்பவருக்கும் கோடியில் நிற்கும் சித்தப்பா தெரிவார். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தால் சித்தப்பாவோடு அத்தை. இன்னும் தள்ளினால் பாதிக் குடும்பம். கடைசி நாற்காலிக்குப் போனால் எல்லாரும். தூண்தான் மூக்கு. வரிசையாகக் கிடக்கும் நாற்காலிகள் கன்னத்தின் தோல். மேடையில் நிற்கும் ஒவ்வொருவரும் விளக்கின் பரப்பில் ஒரு புள்ளி. எத்தனை பேர் தெரிகிறார்களோ அத்தனை வெளிச்சம் அந்த நாற்காலிக்கு. மேடையைத் தூக்கி ஊர்க்கோடி வயலில் வைத்தால் ஐம்பது பேரும் ஒரே புள்ளியாகிவிடுவார்கள். தூண் மறைத்தால் மொத்தக் குடும்பமும் மறைந்துவிடும். பந்திக் கூடத்தில் டி.வி. வைத்து மேடையைக் காட்டுகிறார்களே, அதுதான் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். மேடையே தெரியாதவருக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.

கணக்கும் எளிது. மூக்கின் விளிம்புக்கும் நிழல் விழும் இடத்துக்கும் 3 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் 1 மீட்டர் தூரத்தில் இருந்தால் நிழல் கரையும் அகலம் சுமார் 2.7 செ.மீ. கன்னம் முழுக்க ஒரு மெல்லிய இறக்கம். அதே பெட்டியை 3 மீட்டருக்குத் தள்ளினால் 9 மில்லிமீட்டர்தான். உச்சி வெயிலில் நின்றால் 0.3 மில்லிமீட்டர்கூட இல்லை. சூரியன் 14 லட்சம் கி.மீ. குறுக்களவு கொண்டது; ஆனால் 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதால் நம் வானத்தில் அரை பாகைதான் தெரிகிறது. நம் சாஃப்ட்பாக்ஸை ஏறக்குறைய 97 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனால் அதுவும் அதே அளவில்தான் தெரியும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியாக இருந்தாலும் சுவரோரம் தள்ளி வைத்தால் அதன் மென்மை போய்விடும். படத்தின் சட்டகத்துக்குள் பெட்டியின் விளிம்பு வந்துவிடாத அளவுக்கு நெருக்கிக் கொண்டுவாருங்கள்.

நெருக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. முகம் விளக்கிலிருந்து 1 மீட்டர், பின்சுவர் 2 மீட்டர் என்றால் சுவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ கால் பங்கு வெளிச்சம். வெள்ளைச் சுவரே சாம்பலாகத் தெரியும். விளக்கை இரண்டு மீட்டர் பின்னே இழுத்தால் முகம் 3, சுவர் 4. முகத்தில் விழுவதில் பாதிக்கு மேல் சுவருக்கும் கிடைத்துவிடும். பின்திரை வாங்காமலே, ஒரே சுவரை வெளுப்பாகவும் கருஞ்சாம்பலாகவும் காட்டலாம். குரூப் போட்டோவுக்கு மட்டும் நெருக்கும் விதி பொருந்தாது: விளக்குப் பக்கம் நிற்கும் தாத்தா வெளுத்து, மறுகோடிப் பேரன் இருண்டுவிடுவான். அங்கே தள்ளி வைப்பதே சரி.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் பெரிது. சுவர் ரோஸ் நிறமோ பச்சையோ அடித்திருப்பார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்த நிறத்தைத் தாடையில் பூசிவிடும், கம்ப்யூட்டரில் திருத்தித் தீராது. கூரை உட்பட பளபளப்பில்லாத வெள்ளை அடியுங்கள். நிழல் பக்கம் வெளுப்பு வேண்டுமா, ஒரு தெர்மகோல் அட்டை. ஆழம் வேண்டுமா, ஒரு கறுப்புத் துணி. இவை இரண்டும்தான் உங்கள் இரண்டாவது, மூன்றாவது லைட்.

ஒரு லைட் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் மூளை. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேலே வெளுத்துக் கீழே கறுத்த வட்டம் குமிழாகத் தெரிகிறது. அதையே தலைகீழாக்கினால் குழியாகிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. ஒரே சூரியனின் கீழ் வளர்ந்த உயிருக்கு அது இயல்பு. இரண்டு பக்கமும் சமபலத்தில் இரண்டு லைட் வைத்தால் மூக்குக்கு இரண்டு நிழல் விழும், அல்லது இரண்டும் ஒன்றையொன்று அழித்து முகம் தட்டையாகும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைக் கற்க வேறெங்கும் கிடைக்காத ஒரு பள்ளி இருக்கிறது. காரை முதல் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வரை நிலமே கிரெட்டேசியஸ் காலக் கடலின் அடித்தளம். வாரணவாசி புதைபடிம அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டுப் புதைபடிமம் ஒன்றின் முன் நின்று, சுருளில் எழுந்து நிற்கும் வரிகளைப் பாருங்கள். கேமராவிலேயே இருக்கும் பிளாஷை நேராக அடித்தால் அந்த வரிகள் காணாமல் போகும். சாய்வாகப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் பிறக்கும். புதைபடிமத்தைப் படமெடுப்பவர்கள் உலகம் முழுக்க இடது மேல் மூலையிலிருந்து வெளிச்சம் வருமாறு வைப்பது மரபு. எல்லாரும் ஒரே பக்கம் வைத்தால்தான் எது மேடு, எது பள்ளம் என்பதில் குழப்பம் வராது. கல்லின் நிறத் திட்டுகள் கண்ணை ஏமாற்றாதிருக்க அவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள்: பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் வைத்திருக்கும் நவச்சாரத்தை ஆய்வகத்தில் சூடாக்கி, அதன் புகையைக் கல்லின்மேல் படியவிடுகிறார்கள். கல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். நிறம் போய் உருவம் மட்டும் மிஞ்சும். வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவினால் போய்விடும். (புகை நெஞ்சைக் கரிக்கும், வீட்டில் வேண்டாம்.)

பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை நகர்த்த முடியாது, அதனால் சூரியன் நகரக் காத்திருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தை ஒரே இடத்தில் நின்று காலை, மதியம், மாலை எடுத்துப் பாருங்கள். தொல்லியல் துறை முக்காலியை அனுமதி இல்லாமல் விடாது, கையில் பிடித்தே எடுங்கள். சிற்பத்தில் எந்த நேரத்து வெளிச்சம் முகபாவத்தை எழுப்புகிறது என்று தெரிந்துவிட்டால், ஸ்டுடியோவில் குடையை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

வரலாறு ஒரு பத்தி போதும். மின்சாரத்துக்கு முந்தைய ஸ்டுடியோக்களுக்குக் கண்ணாடிக் கூரையும் பெரிய ஜன்னலுமே விளக்கு. 1858-இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தபோதும் வெயில்தான் ஒரே லைட். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தேடித் தேடி மின்படியாக்கியிருக்கிறார்கள். அவற்றில் நான் முதலில் பார்ப்பது மூக்கு நிழலைத்தான். ஐரோப்பியப் புத்தகங்கள் ‘வடக்கு ஜன்னலே சிறந்தது, அதில் வெயில் நுழையாது’ என்று எழுதிவைத்ததை இங்கே அப்படியே ஏற்கக் கூடாது. நாம் இருப்பது வடக்கே 11 பாகையில். ஏப்ரல் 20 வாக்கில் தலைக்கு நேர்மேலே வரும் சூரியன், ஏறக்குறைய ஆகஸ்ட் 23 வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். ஜன்னலே சாஃப்ட்பாக்ஸ் ஆகிவிடும்.

கடையில் ஏமாறாமல் இருக்கச் சில. எல்.இ.டி. பெட்டியில் போட்டிருக்கும் வாட் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம். தரும் வெளிச்சம் வேறு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் ‘சி.ஆர்.ஐ. 95’ என்ற எண் வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது, அது அந்தக் கணக்கிலேயே சேராது. தோலுக்கும் முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்புக்கும் அதுதான் முக்கியம். எனவே ‘ஆர்9’ எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். மலிவான எல்.இ.டி. நம் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் படத்தில் பட்டை விழாது. ரிங் லைட் லென்ஸைச் சுற்றியே இருப்பதால் நிழல்களை முகத்துக்குப் பின்னால் ஒளித்துவிடும். பழகுபவருக்கு அது எதையும் கற்றுத்தராது.

படிப்பு? பெரம்பலூரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. இத்தகைய மையங்களின் பாடப் பட்டியலில் போட்டோ, வீடியோ பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம், கட்டணமின்றி உண்டு. அடுத்த வகுப்பு எப்போது என்று நேரில் போய்க் கேட்கட்டும். ஒளிப்பதிவையே தொழிலாக எடுப்பதென்றால் சென்னை எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ‘ஒர்க்‌ஷாப்’களுக்குப் பணம் கட்டுமுன் ஒரே கேள்வி: லைட்டை நகர்த்துவது நானா, நீங்களா? அவர்கள் வைத்துவிட்ட லைட்டில் நாம் பொத்தானை மட்டும் அழுத்துவதானால் போக வேண்டாம். வீட்டில் ஒரு உரித்த தேங்காயை மேசைமேல் வைத்து, லைட்டை 1, 2, 3 மீட்டரிலும், நேரே, சாய்வாக, பக்கவாட்டில் என்றும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தால் அதைவிட அதிகம் வரும்.

கடைசியாக, ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் பை கட்டாயம் தொங்க வேண்டும். பெரிய குடைக்கு மின்விசிறிக் காற்றே போதும், சாய்ந்துவிடும். கீழே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் யாராவது ஒருவருடைய குழந்தை.