பழைய வெப்சைட்டை 'கம்போசர்' வழிக்கு மாற்றுவது எப்படி?

2018 ஏப்ரல் 6. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் திடீரென ஒரு சீன எழுத்து தெரிந்தது. ஹேக் செய்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. உண்மையில் அது, 'ட்ரூபல்' மென்பொருளுக்கான 'ஜென்' என்ற தீமின் லோகோ. ஹார்டுவேர் கோளாறுதான், ஹேக் இல்லை என்று அரசுத் தரப்பு விளக்கியது. ஆனால் பயந்ததிலும் தப்பில்லை. 9 நாள் முன்பு, மார்ச் 28-ல்தான் ட்ரூபலில் மிக ஆபத்தான ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்திருந்தது.

அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் முதல் கேள்வி: "நம்ம சைட்ல எந்த வெர்ஷன் ஓடுது?"

ஓசூர் சிப்காட் கம்பெனி ஒன்றின் பழைய சைட்டை, கல்லாவியில் வீட்டிலிருந்தபடி ஒருவர் பராமரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரோ எப்போதோ சர்வரில் ஏற்றிய ஃபைல்கள்தான் அவர் கையில் இருக்கும். எதை, ஏன் போட்டார்கள் என்பதற்குக் குறிப்பே இருக்காது.

பிஹெச்பி திட்டங்களுக்காக 2012-ல் வந்த 'கம்போசர்' இதைத்தான் சரிசெய்கிறது. அதில் 'ஜேசன்' ஃபைல், என்னென்ன வேண்டும் என்ற மளிகைச் சீட்டு. 'லாக்' ஃபைல், உண்மையில் எந்த வெர்ஷன் இறங்கியது என்று காட்டும் கடை பில்.

லைவ் சைட்டில் கை வைக்காமல், நகல் எடுத்து வேலையைத் தொடங்குங்கள். இப்போது ஓடும் அதே வெர்ஷன்களை முதலில் பட்டியலில் ஏற்றுங்கள். கம்போசருக்கு மாறுவதையும் அப்டேட்டையும் ஒரே நாளில் செய்தால், சைட் உடையும்போது எதனால் உடைந்தது என்றே தெரியாது.

உண்மையான தலைவலி வேறு. அவசரத்துக்கு யாராவது மாட்யூல் கோடிலேயே நாலு வரி திருத்தியிருப்பார்கள். கம்போசர் அசல் மாட்யூலை இறக்கியதும் அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும். விலைப்புள்ளி கேட்கும் படிவம் வேலை செய்யாதபோதுதான் தெரியவரும். அதனால் ஒவ்வொரு மாட்யூலையும் அதே வெர்ஷனின் அசலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தனி பேட்ச் ஃபைலாக எடுத்து வையுங்கள். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

லாக் ஃபைலை 'கிட்'டில் சேருங்கள். சர்வரில் 'இன்ஸ்டால்' மட்டும் ஓட்டுங்கள், 'அப்டேட்' வேண்டாம். கம்போசர் 2.4 முதல் 'ஆடிட்' கட்டளை இருக்கிறது. தெரிந்த ஓட்டையுள்ள பேக்கேஜ்களைக் காட்டிவிடும்.

சைட் ட்ரூபல் 7 என்றால் கதை வேறு. அதற்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. கம்போசர் மட்டும் போதாது, புதிய ட்ரூபலுக்கே மாற வேண்டும்.